பரிந்துரைக் கடிதம் தந்த சாரிடம் எப்படிச் சொல்வது?

அன்புள்ள தங்கைக்கு,

பிஎச்.டி. போகாமல் பி.எட். சேர்வது என்ற முடிவில் உங்களுக்குக் குழப்பமே இல்லை. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுத்ததில் வந்த தெளிவு அது. அதை நான் கிளறப் போவதில்லை. உங்களைத் தூங்க விடாதது, அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கப் பரிந்துரைக் கடிதம் தந்த மூன்று பேரின் நினைப்புதான். துறைத்தலைவரைக் கண்டால் வேறு மாடிப்படியில் இறங்கிப் போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது.

முதலில் ஒரு வேலையை முடியுங்கள். உதவித்தொகையோடு இடம் தந்த பல்கலைக்கழகத்துக்கு இன்னும் பதில் போடவில்லை என்கிறீர்கள். இப்படிப்பட்ட இடங்களுக்கு அங்கே பல பல்கலைக்கழகங்கள் ஏப்ரல் 15 வரை அவகாசம் தரும். அதுவரை வைத்திருக்காமல் இன்றைக்கே வரவில்லை என்று எழுதிவிடுங்கள். காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் யாரோ ஒரு பிள்ளைக்கு அந்த இடம் போகலாம். உங்களுக்காகச் சொன்ன சாரின் சொல்லுக்கும் அதுதான் மரியாதை. நாளைக்கு உங்கள் ஜூனியருக்கும் அவர்தானே எழுதித் தர வேண்டும்.

அப்புறம் நேரில் போங்கள். நன்றி எதற்கு என்பது மனதில் தெளிவாக இருக்கட்டும். ஆறு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தீர்கள் என்றால், கடிதம் தந்த ஒவ்வொருவருக்கும் அதை ஏற்றுவதற்கான ஆறு லிங்க்குகள் மின்னஞ்சலில் போயிருக்கும். கடிதத்தை ஏற்றினால் மட்டும் முடியாது. நீங்கள் அவரிடம் படித்தவர்களில் முதல் ஐந்து சதவீதத்திலா, பத்து சதவீதத்திலா என்று கேட்கும் படிவங்களும் இருக்கும். செமஸ்டர் வேலைகளுக்கு நடுவே உட்கார்ந்து செய்து தந்த உழைப்பு அது. நீங்கள் போகவில்லை என்பதால் அந்தக் கடன் இல்லாமல் போகாது.

சொல்வதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். “சார், நீங்கள் எழுதிய கடிதத்தால்தான் எனக்கு இடம் கிடைத்தது. ஆனால் நான் பி.எட். படித்துவிட்டுப் பள்ளி ஆசிரியராகப் போகிறேன். வேறு யாரும் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ளக் கூடாது என்று நானே வந்தேன்.” இவ்வளவு போதும். திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டால், தேற்றும் வேலையும் அவர் தலையில்தான் விழும். வருத்தப்பட்டு இரண்டு வார்த்தை சொன்னாலும் வாதாடாமல் கேட்டுக்கொள்ளுங்கள். விலை கூடிய பரிசு வேண்டாம். கையால் எழுதிய ஒரு பக்கம் கொடுங்கள். அதில் அவர் நடத்திய எந்தப் பாடத்தை நாளைக்கு உங்கள் வகுப்பில் எடுத்துப் போவீர்கள் என்று எழுதுங்கள்.

எனக்கும் இப்படி ஆராய்ச்சிக்கு எழுதித் தந்த ஒரு பேராசிரியர் உண்டு. நான் இந்த ஆலோசனை வேலைக்கு வந்ததை அவரிடம் சொல்லக் கூச்சப்பட்டுத் தள்ளிப்போட்டேன். ஒரு கல்யாண வீட்டில் யாரோ சொல்லித் தெரிந்துகொண்டார். “நீயே சொல்லியிருக்கலாமே” என்றார். வேலை மாறியதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கடிதம் தந்த மூவரில் உங்கள் கோடைகால ப்ராஜெக்ட் கைடு பெங்களூருவில் இருப்பதால் அவருக்கு மின்னஞ்சல் போதும். மூன்று பேருக்கும் ஒரே மடலை நகலெடுத்து அனுப்பாதீர்கள். அதோடு சேர்த்துப் புதிதாக ஓர் உதவியும் கேட்க வேண்டாம். கேட்கத் தேவையும் இல்லை. ஆசிரியர் தேர்வு வாரியம் பார்ப்பது பரிந்துரையை அல்ல, தேர்வு மதிப்பெண்ணைத்தான்.

துறைத்தலைவர் காலை முதல் வகுப்புக்கு முன்னால் அறையில் தனியாக இருப்பார் என்று எழுதியிருந்தீர்கள். வரும் திங்கட்கிழமையே அந்த நேரத்துக்குப் போய்விடுங்கள்.