இரண்டு படிவம் 16, ஒரு வீட்டுக் கணினி: வரிக் கணக்கை நீங்களே தாக்கல் செய்யலாமா?

வாசகர் ஒருவர் கேட்கிறார்: "தனியார் நிறுவன ஊழியர் நான். இதுவரை என் வருமான வரிக் கணக்கை ஆடிட்டர்தான் தாக்கல் செய்து கொடுத்தார். இந்த முறை வீட்டுக் கணினியில் நானே செய்ய விரும்புகிறேன். 2025-26 நிதியாண்டின் நடுவில் வேலை மாறியதால் என்னிடம் இரண்டு படிவம் 16 (நிறுவனம் தரும் சம்பள, வரிப் பிடித்தச் சான்றிதழ்) இருக்கின்றன. வங்கி வைப்புத் தொகையில் கொஞ்சம் வட்டியும் வருகிறது. வருமான வரித் துறையின் இலவச மென்பொருள் போதுமா, காசு கொடுத்து ஒன்று வாங்க வேண்டுமா? பிள்ளைகளும் பயன்படுத்தும் கணினியில் இதைச் செய்வது பாதுகாப்பானதா?"

தாராளமாகச் செய்யலாம். இலவச மென்பொருளே போதும். பாதுகாப்புக்கும் வழி இருக்கிறது. ஆனால் நீங்கள் போகிற போக்கில் சொன்ன இரண்டு படிவம் 16 என்பதுதான் உங்கள் கேள்வியில் கனமான சொல். எந்த மென்பொருள் என்பதைவிட அதைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். அதை முதலில் முடித்துவிடுவோம்.

ஓர் எடுத்துக்காட்டு. முதல் நிறுவனத்தில் ஆறு மாதம் வாங்கிய சம்பளம் 7 லட்சம், இரண்டாவதில் 8 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீதமும் கழிவுகளும் குறைவாக உள்ள புதிய வரி முறையில் இரண்டு நிறுவனங்களும் தனித்தனியாக 75,000 ரூபாய் நிலையான கழிவைக் கொடுத்திருக்கும். மீதி 6.25 லட்சம், 7.25 லட்சம். 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரித் தள்ளுபடி இருப்பதால் இரு இடத்திலும் வரி இல்லை என்று கணக்கு முடிந்திருக்கும். ஒரு ரூபாய்கூடப் பிடித்தம் இல்லாமல் போயிருக்கலாம். ஆனால் சட்டத்தின் பார்வையில் நீங்கள் ஒரே ஆள், கழிவும் ஒருமுறைதான். 15 லட்சத்தில் 75,000 போக 14.25 லட்சம். 12 லட்சத்தைத் தாண்டியதால் அந்தத் தள்ளுபடி கிடையாது. 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், அதாவது 20,000. அடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம், 40,000. எஞ்சிய 2.25 லட்சத்துக்கு 15 சதவீதம், 33,750. மொத்தம் 93,750, அதன்மேல் செஸ் என்ற 4 சதவீதக் கூடுதல் வரி சேர்த்தால் 97,500 ரூபாய். இரு நிறுவனங்களும் 'வரி இல்லை' என்று சொன்ன மனிதர் கட்ட வேண்டிய தொகை இது!

முதல் முறையாகத் தாமே தாக்கல் செய்பவர்கள் இந்தத் தொகையைத் திரையில் பார்த்ததும் மென்பொருளில்தான் ஏதோ கோளாறு என்று நினைக்கிறார்கள். ஒரு படிவத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் வரி மறைந்துவிடுகிறது. அப்படியே அனுப்பியும் விடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இரண்டு நிறுவனங்கள் கொடுத்த விவரமும் துறையிடம் ஏற்கெனவே இருக்கிறது. சில மாதங்கள் கழித்து நோட்டீஸ் வட்டியோடு வரும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. புதிய நிறுவனத்தில் சேர்ந்தபோது பழைய சம்பள விவரத்தைப் படிவம் 12பி மூலம் கொடுத்திருந்தீர்களா? கொடுத்திருந்தால் இரண்டாவது படிவம் 16-இன் பகுதி பி-யில், பிற நிறுவனத்திடம் பெற்ற சம்பளம் என்ற வரியில் அந்தத் தொகை இருக்கும். அப்படியானால் வரியும் அநேகமாகச் சரியாகப் பிடிக்கப்பட்டிருக்கும். அதைக் கவனிக்காமல் இரண்டு மொத்தத்தையும் கூட்டினால் பழைய சம்பளம் இருமுறை கணக்கில் ஏறிவிடும். ஆகவே கணினியைத் தொடும் முன் பென்சிலை எடுத்து அந்த ஒரு வரியை வட்டமிடுங்கள். அங்கே பூஜ்யம் இருந்தால், இரண்டு படிவங்களிலும் கழிவுகளுக்கு முந்தைய மொத்தச் சம்பளத்தை எடுத்துக் கூட்டி, கழிவை ஒருமுறை மட்டும் கழியுங்கள்.

ஒரு நிறுவனம் பழைய முறையிலும் மற்றது புதிய முறையிலும் கணக்கிட்டிருந்தாலும் பதற்றம் வேண்டாம். நிறுவனத்திடம் சொன்னது பிடித்தத்துக்காக மட்டுமே. எந்த முறை என்பதை ரிட்டர்னில், அதாவது தாக்கல் செய்யும் வரிக் கணக்கில், நீங்கள் புதிதாகத் தேர்ந்தெடுக்கலாம். எதுவும் சொல்லாவிட்டால் புதிய முறைதான். பழைய முறை வேண்டுமென்றால் கெடு தேதிக்குள் தாக்கல் செய்தால்தான் கிடைக்கும். இரண்டையும் மென்பொருளில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, எதில் வரி குறைவு என்று தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் உட்கார்ந்து செய்வதன் பெரிய நன்மையே இதுதான். ஆடிட்டர் அலுவலக நாற்காலியில் அவ்வளவு நேரம் கிடைக்காது.

வைப்புத் தொகை வட்டியில் ஒரு பரவலான தவறான எண்ணம் இருக்கிறது: வங்கி டிடிஎஸ் என்ற வரிப் பிடித்தத்தைச் செய்துவிட்டால் அந்த வட்டிக்கு வரி முடிந்தது என்று. வங்கி பிடிப்பது 10 சதவீதம். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் உங்கள் வருமானத்தின் கடைசிப் பகுதிக்கு வரி 15 சதவீதம். வித்தியாசத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும். ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்குள் வட்டி இருந்தால் பொதுவாகப் பிடித்தமே இருக்காது, ஆனாலும் அதைக் காட்ட வேண்டும். சேமிப்புக் கணக்கில் வந்த நூறு, இருநூறு ரூபாய் வட்டியும் சேர்த்துத்தான்.

இந்த விவரங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. துறையின் இணையதளத்தில் படிவம் 26ஏஎஸ், ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கை இரண்டும் கிடைக்கும். 26ஏஎஸ் உங்கள் பெயரில் பிடிக்கப்பட்ட வரியைச் சொல்கிறது. 2021 நவம்பரில் வந்த ஏஐஎஸ் அதைவிட விரிவானது. வட்டி, ஈவுத்தொகை, பங்கு, பரஸ்பர நிதி விற்பனை எல்லாம் அதில் இருக்கும். ஏஐஎஸ் கோப்பைத் திறக்கக் கடவுச்சொல் கேட்கும். பான் எண்ணைச் சிறிய ஆங்கில எழுத்துகளில் தட்டி, அதோடு பிறந்த நாள், மாதம், ஆண்டை இடைவெளி இல்லாமல் எட்டு இலக்கமாகச் சேருங்கள். ஏஐஎஸ்ஸில் உங்களுக்குச் சம்பந்தமில்லாத தொகை இருந்தால் அங்கேயே மறுப்புத் தெரிவிக்கும் வசதி உண்டு. அதில் இல்லாத வருமானத்தைக் காட்டாமல் விடலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள். அது துறைக்குத் தெரிந்தவற்றின் பட்டியல்தான். உங்கள் வருமானம் அதற்கு மேலும் இருக்கலாம்.

இனி மென்பொருள். துறையே மூன்று வழிகளைத் தருகிறது. இணையதளத்திலேயே நிரப்புவது, ஐடிஆர் எனப்படும் வரிக் கணக்குப் படிவங்களில் 1 முதல் 4 வரை எல்லாவற்றுக்கும் பொதுவான ஆஃப்லைன் யுட்டிலிட்டி என்ற மென்பொருளைப் பதிவிறக்கி விண்டோஸ் கணினியில் நிறுவுவது, எக்செல் கோப்பாக எடுப்பது. உங்களுக்கு நான் சொல்வது இரண்டாவது. இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காது. இரண்டு நாள் வைத்திருந்து யோசித்துத் திருத்தலாம். எக்செல் வழி அதில் பழகியவர்களுக்கு மட்டும். அதில் மேக்ரோ என்ற, கோப்புக்குள் இருக்கும் சிறு நிரல் இயங்க வேண்டும். இணையத்திலிருந்து இறக்கிய கோப்புகளின் மேக்ரோக்களை இப்போது எக்செல் தடுத்துவிடுகிறது. கோப்பின் பண்புகளில் போய்த் தடையை நீக்கினால்தான் பொத்தான்கள் வேலை செய்யும். புதிதாகத் தொடங்குபவர் இதில் அரை நாளை இழக்க வேண்டாம்.

கட்டண மென்பொருளின் பயன் வேறு இடத்தில் இருக்கிறது. வருடத்தில் நூற்றுக்கணக்கான பங்குப் பரிவர்த்தனை செய்பவர், சொத்து விற்றவர், வியாபாரம் வைத்திருப்பவர் ஆகியோருக்கு அது நேரத்தை மிச்சப்படுத்தும். மொத்த வருமானம் 50 லட்சத்துக்குள், சம்பளம், ஒரு வீடு, வட்டி என்று இருப்பவருக்கு ஐடிஆர்-1 போதும். அதற்காகக் காசு கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் இரண்டு படிவம் 16 சிக்கலை எந்தக் கட்டண மென்பொருளும் உங்களைக் கேட்காமல் தானாகத் தீர்த்துவிடாது.

யுட்டிலிட்டியை நிறுவியதும் இணையதளத்தில் நுழைந்து, முன்நிரப்பிய விவரங்களை ஜேசான் என்ற வகைக் கோப்பாக இறக்கி அதனுள் ஏற்றுங்கள். பெயர், வங்கிக் கணக்கு, பிடித்தம் எல்லாம் தாமே வந்து உட்காரும். முன்நிரப்பியது என்பதற்காக அது சரியானது என்று ஆகிவிடாது. நீங்கள் பென்சிலில் போட்ட கணக்கோடு ஒவ்வொரு தொகையையும் ஒப்பிடுங்கள். இரண்டு நிறுவனங்களின் பிடித்தமும் தனித்தனி வரியில் இருக்கிறதா என்று பாருங்கள். முந்தைய வருடம் நிறுவிய யுட்டிலிட்டி கணினியில் இருந்தால், இணையத்தோடு இணைத்துப் புதுப்பித்துக்கொண்ட பிறகே தொடங்குங்கள். பழைய பதிப்பில் உருவான கோப்பு பதிவேற்றும்போது திருப்பி அனுப்பப்படும்.

வரி பாக்கி வந்தால், பதிவேற்றும் முன்பே கட்டிவிடுங்கள். முன்கூட்டி வரி கட்டவில்லை என்பதற்காக வட்டியும் சேரும். அதை மென்பொருளே கணக்கிடும். நாள் தள்ளினால் மாதத்துக்கு ஒரு சதவீதம் ஏறிக்கொண்டே போகும். பணம் கட்டும் பக்கத்தில் பலர் ஆண்டைத் தவறாகத் தேர்கிறார்கள். 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை சம்பாதித்ததற்கு மதிப்பீட்டு ஆண்டு 2026-27. ரசீதில் வங்கிக் கிளையைக் குறிக்கும் ஏழு இலக்க பிஎஸ்ஆர் எண், கட்டிய தேதி, ஐந்து இலக்கச் சலான் வரிசை எண் இருக்கும். இந்த மூன்றையும் ரிட்டர்னில் எழுதாவிட்டால், கட்டிய பணம் உங்கள் கணக்கில் சேராமல் வெளியே நிற்கும்.

பிள்ளைகள் பயன்படுத்தும் கணினி என்றீர்கள். கேட்டது மிகவும் நல்லது. பலர் இதை யோசிப்பதே இல்லை. யுட்டிலிட்டி உருவாக்கும் ஜேசான் கோப்பு பூட்டப்பட்ட கோப்பு அல்ல. நோட்பேடில் திறந்தாலே உங்கள் பான், முகவரி, வங்கிக் கணக்கு எண், சம்பளம் அத்தனையும் வெறும் எழுத்தாகப் படிக்கக் கிடைக்கும். எனவே விண்டோஸில் உங்களுக்கென்று கடவுச்சொல்லோடு ஒரு தனிப் பயனர் கணக்கை உருவாக்குங்கள். பிள்ளைகளுக்குப் புதிய மென்பொருள் நிறுவும் உரிமை இல்லாத சாதாரணக் கணக்கு போதும். வேலை முடிந்ததும் கோப்புகளை ஒரு பென் டிரைவுக்கு மாற்றி அலமாரியில் வைத்துவிட்டு, பதிவிறக்கக் கோப்புறையில் உள்ள பிரதிகளை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். வரைவு ரிட்டர்ன் யுட்டிலிட்டிக்குள்ளேயே இந்தக் கணினியில்தான் தங்கும். இடையில் யாராவது கணினியை ஃபார்மட் செய்தால் உங்கள் உழைப்பு போய்விடும் என்பதையும் வீட்டில் சொல்லி வையுங்கள்.

யுட்டிலிட்டியைத் துறையின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். முகவரி ஜிஓவி.இன் என்று முடிய வேண்டும். தேடுபொறியில் முதலில் தெரிவது விளம்பரமாக இருக்கலாம். ரீஃபண்ட் வந்திருக்கிறது, இந்த இணைப்பைத் தட்டுங்கள் என்று குறுஞ்செய்தி வந்தால் தட்டாதீர்கள். உதவி செய்கிறேன் என்று தொலைபேசியில் அழைத்து உங்கள் திரையைத் தன் கைக்குள் எடுக்கும் மென்பொருளை நிறுவச் சொல்பவரிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் இணைப்பைத் துண்டியுங்கள்.

கோப்பைப் பதிவேற்றியதோடு வேலை முடியவில்லை. 30 நாட்களுக்குள் ரிட்டர்னை நீங்கள்தான் அனுப்பினீர்கள் என்று உறுதிசெய்ய வேண்டும். 2022 ஆகஸ்ட் 1-க்கு முன் 120 நாள் அவகாசம் இருந்தது, அந்தப் பழைய நினைவில் இருப்பவர்கள் இன்னும் உண்டு. ஆதாரோடு இணைந்த கைபேசிக்கு வரும் ஓடிபி-யில் இரண்டு நிமிடத்தில் இது முடியும். இல்லையென்றால் ஒப்புகைப் படிவத்தில் கையெழுத்திட்டு பெங்களூரு 560500-இல் உள்ள மையச் செயலாக்க மையத்துக்கு அனுப்பலாம். இரண்டும் செய்யாவிட்டால் நீங்கள் தாக்கலே செய்யாததாக ஆகிவிடும். எல்லாம் சரியாகச் செய்துவிட்டு இந்த ஓர் இடத்தில் கோட்டை விட்டவர்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. பதிவேற்றிய அதே அமர்வில் முடித்துவிடுங்கள். ரீஃபண்ட் வர வேண்டியிருந்தால், வங்கிக் கணக்கு தளத்தில் சரிபார்க்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

சம்பளக்காரர்களுக்கு வழக்கமான கெடு ஜூலை 31. தாண்டினால் 5,000 ரூபாய் வரை தாமதக் கட்டணம். வருமானம் 5 லட்சத்துக்குள் இருந்தால் 1,000. படிவம் 16 ஜூன் நடுவில் கைக்கு வந்துவிடும். ஜூலை முதல் வாரத்தில் உட்காருங்கள். கடைசி இரண்டு நாளில் தளத்தில் நெரிசல் அதிகம்.

பிறகு வருமான வரிச் சட்டத்தின் 143(1) பிரிவின்கீழ் ஓர் அறிவிப்பு மின்னஞ்சலில் வரும். அதைத் திறக்க ஏஐஎஸ்ஸுக்குச் சொன்ன அதே கடவுச்சொல்தான். அதில் நீங்கள் காட்டிய தொகை ஒரு பத்தியிலும், துறை கணக்கிட்டது அடுத்த பத்தியிலும் இருக்கும். இரண்டும் ஒத்துப்போனால் படிவம் 16, சலான், ஜேசான் கோப்பு ஆகியவற்றோடு அதையும் பென் டிரைவில் வைத்துவிடுங்கள். ஒத்துப்போகவில்லை, காரணமும் உங்களுக்குப் புரியவில்லை என்றால், அந்த ஒரு தாளை எடுத்துக்கொண்டு உங்கள் பழைய ஆடிட்டரிடம் போங்கள்.