டேர்போ காரின் பொனட்டுக்குள் சூடு: புதிதாக வாங்குவதற்கு முன், கழற்றி வீசியதைத் திரும்பப் பூட்டுங்கள்

கேள்வி: என்னிடம் இருப்பது 2001ஆம் ஆண்டுச் சுபாரு இம்பிரெசா டபிள்யூ.ஆர்.எக்ஸ். கூட்டமான நாளில் திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போய், கோட்டை வாசலில் நெடுநேரம் ஊர்ந்து திரும்பினால், பிறகு கந்தளாய் வீதியில் எவ்வளவு மிதித்தாலும் வண்டி இழுப்பதில்லை. பொனட்டில் கை வைக்க முடியாத சூடு. தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட் ஓட்டத்தைத் தடுக்கும் வால்வை) கழற்றிவிட்டு, புகைக்குழாய் முழுவதற்கும் வெப்பநாடா சுற்றி, பொனட்டின் பின்பக்கத்தை வொஷர் வைத்து உயர்த்தினால் சரியாகிவிடும் என்று உதிரிப்பாகம் எடுத்துத் தருபவர் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா? (உவர்மலையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: மூன்றில் ஒன்றைக்கூடச் செய்ய வேண்டாம். அவற்றுக்கு அவர் கேட்கும் பணத்தில் பாதிகூட இல்லாமல் உங்கள் வண்டியின் குறையைத் தீர்க்கலாம்.

முதலில் உங்கள் வண்டி ஏன் இழுக்கவில்லை என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். டேர்போ என்பது வெளியேறும் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் கருவி. அது காற்றை அமுக்கும்போது அந்தக் காற்று சூடாகிறது. சூடான காற்று ஐதானது. பத்துப் பாகை கூடினால் அதன் அடர்த்தி ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று பங்கு குறைந்துவிடும். அதைக் குளிர்விக்கவே இன்டர்கூலர் இருக்கிறது. மற்றப் பல வண்டிகளில் அது முன்பக்கம், பம்பருக்குப் பின்னால் இருக்கும். உங்கள் வண்டியிலோ எஞ்சினின் தலைக்கு மேலேயே கிடத்தப்பட்டிருக்கிறது. பொனட்டில் தெரியும் அந்த மூக்குத் துவாரத்தின் வழியாகக் காற்று வந்து மோதினால்தான் அது குளிரும். கோட்டை வாசலில் ஊர்ந்துகொண்டிருக்கையில் அந்தத் துவாரத்துக்குள் காற்று நுழைவதே இல்லை. கீழிருந்து எஞ்சினின் சூடு மட்டுமே ஏறுகிறது. கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் வெளிக்காற்றும் சூடு என்பதால் இன்டர்கூலர் அடுப்பில் வைத்த தகடுபோல் ஆகிவிடுகிறது. அந்த நிலையில் நீங்கள் மிதித்தால் எஞ்சினுக்குள் நொக்கிங் (சூட்டால் பெற்றோல் கலவை தானாகவே தாறுமாறாக வெடிப்பது) தொடங்கும்; அதை உணர்ந்த கணினி, எஞ்சினைக் காப்பதற்காகத் தீப்பொறியின் நேரத்தைப் பின்தள்ளிவிடும். நீங்கள் உணரும் 'இழுவையின்மை' பெரும்பாலும் அதுதான். ஜப்பானில் விற்கப்பட்ட இந்த வண்டி அங்குள்ள, நொக்கிங்கைத் தாங்கும் உயர் ஒக்டேன் பெற்றோலுக்காக அமைக்கப்பட்டது. 92 அடித்துக்கொண்டு சூட்டைக் குறைகூறுவதில் நியாயம் இல்லை. 95 அடியுங்கள்.

இதைச் சோதிப்பது சுலபம். ஊர்ந்து முடித்தபின் ஹபரணை வீதியில் மணிக்கு அறுபது கிலோமீற்றர் வேகத்தில் சில நிமிடங்கள் சீராக ஓட்டிப் பாருங்கள். இழுவை திரும்பி வந்தால் குறை இன்டர்கூலரில் தேங்கும் சூடு. எஞ்சின் பழுது அல்ல. திரும்பி வராவிட்டால், அல்லது வெப்பமானி முள் நடுவைத் தாண்டினால், இதற்கு மேல் படிக்காமல் நல்ல கராஜுக்குக் கொண்டு செல்லுங்கள்.

இப்போது பொனட்டைத் திறந்து அதன் உட்பக்கத்தைப் பாருங்கள். மூக்குத் துவாரத்துக்குக் கீழே காற்றை இன்டர்கூலருக்கு வழிநடத்தும் ஒரு பிளாஸ்டிக் கூடும், அதைச் சுற்றி மென்மையான ஓர் அடைப்புப் பட்டியும் இருக்க வேண்டும். இத்தனை ஆண்டு பழைய வண்டிகளில் அந்தப் பட்டி விரலால் தொட்டாலே கறுப்புத் தூளாக உதிரும். அது இல்லாவிட்டால், வருகிற காற்று இன்டர்கூலரின் செட்டைகளுக்குள் புகாமல் பக்கவாட்டில் வழிந்தோடிவிடும். கதவு ஓரங்களுக்கு ஒட்டுகிற ரப்பர் நுரைப் பட்டியை வாங்கி, பொனட்டை மூடும்போது அது அழுந்தும்படி ஒட்டுங்கள். நான் பார்த்த வண்டிகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்றிலேயே முன்னேற்றம் தெரிந்தது.

அடுத்து, டேர்போவைச் சுற்றியுள்ள வெப்பத்தடுப்புத் தகடுகள். கடுமையாக ஓட்டும்போது டேர்போவுக்குள் நுழையும் புகை 850 பாகை செல்சியசைத் தாண்டும். இருட்டில் பார்த்தால் அதன் இரும்புக் கூடு மங்கிய சிவப்பாக ஒளிரும். அந்தச் சூடு காற்று வழியாக மட்டுமன்றி, வெயிலைப்போல் கதிராகவும் பாய்கிறது. தகடு அந்தக் கதிரைத் திருப்பி அனுப்புகிறது. தகட்டுக்கும் டேர்போவுக்கும் இடையில் உள்ள விரல் தடிப்பு இடைவெளியும் சேர்ந்தே தடுக்கிறது. நம் கடற்கரை உப்புக் காற்றில் அந்தத் தகடுகளின் போல்ட்டுகள் துருப்பிடித்து முறியும். முறிந்ததும் தகடு கடகடவென்று சத்தமிடும். சத்தம் கேட்கிறது என்று அதைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டுத் திருப்பித் தருவார்கள். வண்டிக்காரருக்கு அது தெரியவும் வராது. பிறகு அதே சூட்டைத் தணிக்கவென்று நாடாவும் போர்வையும் விற்க ஒருவர் வருவார். பழைய தகடு கிடைக்காவிட்டால், தகர வேலை தெரிந்த எவரிடமும் கறைபடா உருக்கில் அதே வடிவத்தில் வெட்டிப் பூட்டலாம்.

வெப்பநாடாவைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு; காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த எஞ்சினின் இரு பக்கங்களிலும் உள்ள வால்வ் மூடிகளின் கஸ்கட்டுகள் வயதானால் ஓயில் கசியும். அவற்றுக்கு நேர் கீழேதான் புகைக்குழாய்கள் ஓடுகின்றன. வெறும் குழாயில் ஓயில் சொட்டினால் புகையும், நாறும், நீங்கள் கவனித்துவிடுவீர்கள். நாடா சுற்றிய குழாயில் அது திரிபோல் ஊறி நிற்கும். நிலாவெளியிலிருந்து என்னிடம் வந்த ஒரு வண்டியின் நாடாவை அவிழ்த்தபோது, உள்மடிப்புகள் கருகிப் பிசுபிசுத்து, ஓரிடத்தில் குழாயின் இரும்பும் உப்பீரம் தேங்கியதால் செதில் செதிலாக உரிந்து வந்தது. தீப்பிடிக்காமல் தப்பியது அந்தக் குடும்பத்தின் நல்ல காலம். சுற்றியவர் எவரோ, அதற்கு முன் ஒருமுறையாவது குனிந்து ஓயில் கசிவைப் பார்த்திருக்கவில்லை.

நாடாவுக்கு ஒரு விலக்கு உண்டு. அதையும் முழுமையாகச் சொல்ல வேண்டும். டேர்போவிலிருந்து கீழிறங்கும் குழாய்க்கு மட்டும் சுற்றலாம். அந்தக் குழாய் கறைபடா உருக்கினால் ஆனதாக இருக்க வேண்டும். காந்தத்தை வைத்துப் பாருங்கள், இரும்புக் குழாயில் இறுக ஒட்டும், தரமான கறைபடா உருக்கில் ஒட்டாது, ஒட்டினாலும் வலுவின்றியே ஒட்டும். அதற்கு மேலே எந்த இடத்திலும் ஓயில், பவர் ஸ்டியரிங் எண்ணெய் என எதுவும் கசியக்கூடாது. மழைநீரும் கடல்நீரும் தெறிக்கும் அடிப்பகுதி வரை நாடாவை இழுக்கக்கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை அவிழ்த்துப் பார்க்கும் பொறுமையும் உங்களுக்கு இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் நாடா வேண்டாம், தகடே போதும்.

பொனட்டின் பின்பக்கத்தை உயர்த்துவது பார்ப்பவருக்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் வண்டி ஓடும்போது முன்கண்ணாடியின் அடிவாரத்தில் காற்று வந்து மோதித் தேங்கி அழுத்தம் கூடுகிறது. எனவே சூடு அந்த இடைவெளியால் வெளியேறாது, வெளிக்காற்றுத்தான் உள்ளே தள்ளப்படும். கூடவே எஞ்சின் வாடை வண்டிக்குள் வரும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் எஞ்சின் உரிய சூட்டை அடையாமல் பெற்றோலைக் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும். இன்டர்கூலரின் சூட்டுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

ஏசியைப் போட்டுவிட்டு இறங்கிப் பாருங்கள்: ரேடியேற்றருக்குப் பின்னால் உள்ள இரண்டு ஃபேன்களும் சுழல வேண்டும். கிணற்று நீரை ரேடியேற்றரில் ஊற்றாதீர்கள்; கூலன்ட் மட்டும். அடிப்பக்கப் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றியிருந்தால் திரும்பப் பூட்டுங்கள். அது இருந்தால்தான் ரேடியேற்றர் ஊடாகக் காற்று இழுபடும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டுத் தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்ட வாகன இறக்குமதி, பழைய வண்டிகளைப் பொன்போல் ஆக்கிவிட்டது. அந்தத் தவிப்பில்தான் கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையிலிருந்து பொருள் எடுத்துத் தருகிறேன் என்ற இடைத்தரகர்கள் பெருகினார்கள். ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரத்துக்காகப் புகைப் பரிசோதனைக்கு வரிசையில் நிற்கிறோம். புகைக்குழாய் வாயில் வரும் வாயுவை அளக்கிறார்கள், டேர்போவுக்குப் பக்கத்தில் வெடித்துப்போன பெற்றோல் குழாய் கிடந்தாலும் அந்த அளவில் அது தெரியாது. அந்தப் பெற்றோல் குழாயை நீங்களே பாருங்கள். வளைத்தால் கீறல் தெரிந்தால் இன்றைக்கே மாற்றுங்கள்.

வேலை பலித்ததா என்று அளக்க, காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியைப் பயன்படுத்தாதீர்கள். அது அந்த அளவுக்குச் செய்யப்பட்டதல்ல. கராஜில் உள்ள அகச்சிவப்பு வெப்பமானியைக் கேட்டு வாங்குங்கள். பளபளக்கும் அலுமினியத்தில் அது பொய் அளவு காட்டும் என்பதால், இன்டர்கூலரின் ஓரத் தொட்டியில் ஒரு துண்டுக் கறுப்பு நாடாவை ஒட்டி அதன்மேல் அளவெடுங்கள். பட்டி ஒட்டுவதற்கு முன் ஒரு நாள், ஒட்டிய பின் ஒரு நாள், அதே நேரத்தில், அதே கோட்டை வாசலில் ஊர்ந்து, பிறகு அதே வீதியில் ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தியவுடன் அளந்து இரண்டையும் குறித்து வைத்திருங்கள்.