பதில்: ஸ்மார்ட் பிளக் போட்டும் எஸ்பிரெசோ சூடு நிலைக்கவில்லை

வணக்கம் அண்ணா. டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறீர்கள், காஜியா கிளாசிக் எஸ்பிரெசோ மெஷினில் வைஃபை பிளக் மாட்டியும் ஒரு கப் கசப்பு, அடுத்தது புளிப்பு என்கிறீர்கள். பிளக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. அது காலையில் மெஷினைப் போட்டுவைக்கும், அவ்வளவுதான். சூட்டை ஏற்றி இறக்குவது உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட். அது பல டிகிரி ஊசலாடும்.

அதற்குப் பதில் தண்ணீர் சுடும் பாய்லரில் சூட்டை அளக்க ஒரு சென்சார், ஹீட்டருக்கு ஒரு சாலிட் ஸ்டேட் ரிலே (அசையும் பாகமில்லாத மின் சுவிட்ச்), நடுவே ஈஎஸ்பி32 என்ற வைஃபை உள்ள சின்னக் கட்டுப்பாட்டுச் சில்லு. சூட்டைப் பார்த்துப் பார்த்து ஹீட்டரைக் கூட்டிக் குறைக்கும் பிஐடி கணக்கு அந்தச் சில்லுக்குள்ளேயே ஓடட்டும். ஸ்மார்ட் வீட்டு மென்பொருளான ஹோம் அசிஸ்டென்ட் வெறும் பார்வைக்கும் செட்பாயின்ட் (நமக்கு வேண்டிய சூடு) மாற்றவும் போதும். வைஃபை போனாலும் காபி கெடாது.

ஹீட்டர் 230 வோல்ட்டில் சுமார் 6 ஆம்பியர் இழுக்கும். 25 ஆம்பியர் ரிலே வாங்கி, மெஷினின் உலோக உடலோடு ஒட்டித் திருகுங்கள். ரிலே பழுதானால் பெரும்பாலும் 'ஆன்' நிலையிலேயே சிக்கிக்கொள்ளும். என்னுடையது அப்படித்தான் போனது, சூடு மீறினால் கரண்டைத் துண்டிக்கும் தெர்மல் ஃபியூஸ்தான் காப்பாற்றியது. அதை மட்டும் கழற்றிவிடாதீர்கள்!

மின்வெட்டு (லோட்ஷெடிங்) முடிந்து கரண்ட் வரும்போது ஹீட்டர் தானாக எரியாதபடி தொடக்க நிலையை 'ஆஃப்' என்று வையுங்கள்.

ஜோஹன்னஸ்பர்க்காரர்கள் சொல்லும் செட்பாயின்ட் எண்ணை அப்படியே போடாதீர்கள். அங்கே உயரத்தால் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதிக்கும். நமக்குக் கடல் மட்டம். காபித்தூளுக்கு வருமுன் தண்ணீர் சற்று ஆறிவிடும் என்பதால் பாய்லர் 104 டிகிரியில் தொடங்கி, சுவைத்துப் பார்த்து நகர்த்துங்கள்.