பாவித்த பழைய கிளைடர் (இயந்திரமில்லாமல் பறக்கும் விமானம்) ஒன்றை வாங்கி வவுனியாவில் கொட்டகை போட்டு வைக்க நினைக்கிறேன். இறக்கையில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் இறக்கை மரமா, பைபரா (கண்ணாடியிழையா), அலுமினியமா என்று பாருங்கள். அதைப் பொறுத்தே சோதனை மாறும்.

கா 6, கா 8 போன்ற கிளைடர் வகைகளுக்கு மர இறக்கைகள். அவற்றில் பயப்பட வேண்டியது மரத்துக்கல்ல, பசைக்கு. பழையவை சிலவற்றில் பாற்புரதத்தில் செய்த கேசீன் பசை இருக்கும். ஈரம் பட்டால் அதைப் பூஞ்சணம் தின்னும். வன்னியில் மாரியில் கதவு இறுகி, கச்சான் காற்றில் இடைவெளி விழுவது தெரியும்தானே? இறக்கைக்குள்ளும் அதே ஊதலும் சுருங்கலும்தான், ஒட்டு விலகிவிடும். இறக்கை அடிப்பக்கத்துத் துளையில் மூக்கை வைத்துப் பாருங்கள். புழுங்கல் வாடை வந்தால் விலை பேசவே வேண்டாம். ரோர்ச்சும் சிறு கண்ணாடியும் கொண்டு இறக்கையின் பாரத்தைத் தாங்கும் முதன்மைச் சட்டத்தைப் பாருங்கள். ஆணியைச் சுற்றிக் கறுப்பு வளையம் என்றால் தண்ணீர் நின்றிருக்கிறது. தண்ணீர் வடியும் துளைகள் அடைபட்டிருப்பதுதான் வழமையான காரணம்.

பைபரில் மேற்பூச்சு வெடிப்புகள் சாதாரணம். வெடிப்பு உள்ளே கண்ணாடியிழைத் துணிவரை போயிருக்கிறதா என்பதே கேள்வி. நாணயத்தால் தட்டுங்கள், மந்தமாகக் கேட்கும் இடத்தில் அடுக்குப் பிரிந்திருக்கலாம். இறக்கையை உடலோடு பூட்டிய பின் ஒருவர் இறக்கை நுனியை முன்பின் அசைக்க, இன்னொருவர் அடிமூட்டில் கைவைத்து 'டக்' என்று ஆட்டம் வருகிறதா பார்க்க வேண்டும். வெள்ளை நிறத்தை மாற்றாதீர்கள், அடர் நிறம் வெயிலில் சூடேறும், அந்தச் சூட்டில் இழைகளைப் பிணைக்கும் ரெசின் இளகும்.

அலுமினிய பிளானிக் எல்-13 என்றால் கவனம். 2010இல் ஆஸ்திரியாவில் ஒன்றின் இறக்கை பறக்கும்போதே, உலோகக் களைப்பால் (திரும்பத் திரும்ப விசை பட்டு உலோகம் வெடிப்பதால்) முறிந்தது. அதன் பின் அந்த வகை பறப்பதே நிறுத்தப்பட்டது, அங்கீகரிக்கப்பட்ட சோதனையோ மாற்றமோ செய்த பதிவு இல்லாமல் வாங்காதீர்கள்.