விளக்குத்தண்டில் எது பழசு, எது ஒட்டு?

கேள்வி: வத்திக்கான் அருங்காட்சியகத்தில் பர்பெரினி விளக்குத்தண்டுகளைப் பார்த்தேன். அடிப்பீடத்தில் ரோமானியத் தெய்வங்களைச் செதுக்கிய பளிங்கு. ‘அப்படியே ரோமானியப் பேரரசர் ஹேட்ரியன் காலத்தது’ என்றார் வழிகாட்டி. ‘எல்லாம் 18ஆம் நூற்றாண்டில் ஒட்டவைத்து விற்ற சரக்கு’ என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி?

பதில்: இருவருமே கல்லைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஜோடி ரோமுக்கு அருகே திவோலியில் ஹேட்ரியன் மாளிகை இடிபாடுகளிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் வெளிவந்து, பர்பெரினி என்ற ரோம் நகரப் பிரபுக் குடும்பத்தாரிடம் இருந்தது. 1770-இல் போப் 14ஆம் கிளமென்ட் வாங்கினார். ரோமானியப் பொருள் என்பதில் ஐயமில்லை. ஆனால் ‘அப்படியே’ என்ற சொல்தான் இடிக்கிறது. மண்ணுக்குள் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்த இவ்வளவு உயரமான பளிங்குத்தண்டு முழுசாக வெளிவருவது அபூர்வம்.

நண்பர் சொல்லும் ரகமும் உண்டு, இடம்தான் வேறு. அதே மாளிகை வளாகத்தின் பந்தனெல்லோ சதுப்பில் 1769-இல் ஸ்காட்லாந்து ஓவியர் கேவின் ஹாமில்டன் தோண்டியெடுத்த துண்டுகளைக் கொண்டு இத்தாலியச் செதுக்கோவியர் பிரனேசி இரண்டு விளக்குத்தண்டுகளைக் கட்டினார். ஆங்கிலேயப் பிரபு சர் ரோஜர் நியூடிகேட் அவற்றை வாங்கி ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். இன்று அங்குள்ள ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. துண்டுகள் பழசு, உருவம் பிரனேசியுடையது. அதைக்கூடப் ‘போலி’ என்று ஒதுக்கிவிட முடியாது.

இனிப் பார்க்கும்போது கீழிருந்து மேலே போங்கள். மூன்று முகப் பீடம், முகத்துக்கு ஒரு தெய்வம், அதன்மேல் இலை சுற்றிய தண்டு, உச்சியில் கிண்ணம். ரோமானியரே இவற்றைத் தனித்தனியாகச் செதுக்கி, நடுவில் உலோக முளை (இணைக்கும் கம்பி) இறக்கி அடுக்கினார்கள். ஆகவே இரண்டு உறுப்புகளுக்கு இடையே நேரான கிடைமட்ட மூட்டைப் பார்த்ததும் சந்தேகப்பட வேண்டாம். ஒரு தெய்வத்தின் முழங்கைக்கு நடுவிலோ, இலையின் பாதியிலோ கத்தியால் வெட்டினாற்போல் நேர்கோடு ஓடினால்தான் விஷயம்: உடைந்த முனையைச் சமப்படுத்திவிட்டுப் புதுக்கல்லை ஒட்டியிருக்கிறார்கள். பழைய முறிவைத் தொடாதே, புதுத்துண்டை அதன் மேடுபள்ளத்துக்கு ஏற்பச் செதுக்கு என்று அக்கால ரோமின் பெயர்பெற்ற சீரமைப்பாளர் கவாசெப்பி 1768-இலேயே எழுதிவைத்தார். எல்லாரும் கேட்கவில்லை.

அடுத்து, கைவிளக்கின் ஒளியைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள் (காவலரிடம் அனுமதி கேட்டுவிட்டு). பழைய பரப்பில் சிறு குழிகளும், மண்ணில் கிடந்தபோது செடிவேர்கள் விட்ட மெல்லிய கிளைத்தடங்களும் தெரியலாம். அந்தத் தடம் ஒரு கோட்டில் சட்டென்று நின்றுவிட்டால் அதற்கப்பால் புதுக்கல். தடமே இல்லையென்றால் எதுவும் நிரூபணமாகாது. பழைய பரப்பையே சுரண்டி மெருகேற்றிவிட்ட சீரமைப்பாளர்கள் ஏராளம். நிறத்தையும் நம்பாதீர்கள். புதுக்கல்லுக்குப் புகையிலைச் சாறு பூசிப் பழுப்பாக்கும் வித்தை அப்போதே இருந்தது. புறஊதா விளக்கு இதில் உதவும்: பழைய பரப்பு திட்டுத்திட்டாக மஞ்சள் கலந்த வெண்மையாய் ஒளிரும், புதிதாக வெட்டியது ஊதாவாகத் தெரியும்.

தெய்வத்தை அடையாளம் காண்பதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். ஈட்டியா, பாம்பா, கிண்ணமா என்று கையைப் பார்த்துப் பெயர் வைக்கிறோம். பர்பெரினி பீடத்தில் ரோமானியரின் அறிவுத் தெய்வமான மினர்வா பாம்புக்குக் கிண்ணத்தில் ஊட்டுகிறாள். அதனால் அவள் மினர்வா. ஆனால் கல்லில் முதலில் உடைவது மூக்கு, விரல், கையிலுள்ள பொருள். சீரமைப்பாளர் வேறு கை வைத்தால் தெய்வமே மாறிவிடும். எனவே பெயரைப் படிக்குமுன் அந்தக் கை எந்தக் கல் என்று பாருங்கள். உடை மடிப்பும், காலருகே உள்ளவையும் அதே பெயரைச் சொல்கின்றனவா என்று ஒத்துப்பாருங்கள்.

மூட்டருகே செம்பழுப்புக் கறை கசிந்திருந்தால் உள்ளே இரும்பு முளை. ரோமானியர் இரும்பைச் சுற்றி ஈயம் உருக்கி ஊற்றி ஈரத்தைத் தடுத்தார்கள். அந்தக் காப்பு இல்லாத இரும்பு துருப்பிடித்துப் பருக்கும். பளிங்கு உள்ளிருந்தே பிளக்கும். அதனால்தான் இன்றைய சீரமைப்பில் அந்த இரும்பு முளைகளை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகோ டைட்டானியமோ வைக்கிறார்கள்.