ஒரு வருட எல்எல்எம்மை நம்பி வர வேண்டாம், தங்கச்சி

தங்கச்சி, முள்ளியவளையிலிருந்து நீர் கேட்டிருந்ததை வேலை முடிந்து வந்து வாசித்தேன். வவுனியாப் பல்கலைக்கழகத்தில் வணிகம் முடித்துவிட்டீர், கோப்பரேட் சட்டத்தரணியாக வர ஆசை, லண்டனில் ஒரு வருட எல்எல்எம், அதாவது சட்ட முதுமாணிப் படிப்பு, செய்தால் போதும் என்று ஒரு ஏஜென்சி சொல்கிறது. எந்தப் பல்கலைக்கழகம் நல்லது, வாடகை எவ்வளவு, குளிர் தாங்குமா என்றெல்லாம் கேட்டிருக்கிறீர். குளிரும் வாடகையும் இருக்கட்டும், அதெல்லாம் எல்லாருக்கும் பழகிவிடும். எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்த எல்எல்எம் கதைதான்.

எல்எல்எம் உம்மைச் சட்டத்தரணி ஆக்காது. சான்றிதழில் சர்வதேச வர்த்தகச் சட்டம் என்று எவ்வளவு அழகாக அச்சடித்திருந்தாலும் ஆக்காது. இங்கிலாந்தில் சொலிசிற்றர், அதாவது இங்கத்தைய சட்டத்தரணி, ஆவதென்றால் 2021 செப்டெம்பரில் வந்த எஸ்கியூஇ என்ற தகுதிப் பரீட்சையின் இரண்டு பகுதியும் சித்தியடைய வேண்டும், அதோடு இரண்டு வருடம் சட்ட வேலை செய்த அனுபவமும் காட்ட வேண்டும். முதல் பகுதியில் மட்டும் 360 பல்தேர்வு வினாக்கள். இரண்டாம் பகுதியில் வாடிக்கையாளரோடு பேசுவது, ஆவணம் வரைவது, வாதாடுவது எல்லாம் செய்து காட்ட வேண்டும். பரீட்சைக் கட்டணமே 4,500 பவுண்ஸுக்கு மேல், படிப்பிக்கிற வகுப்புக்குச் செலவு வேறு. டிகிரி சட்டத்தில்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, இங்கத்தைய டிகிரிக்குச் சமமென்றால் உம்முடைய வணிக டிகிரியே காணும்.

இப்போது விசாவையும் சேர்த்துக் கணக்குப் பாரும். படிப்பு முடிந்தபின் கிடைக்கிற கிராஜுவேட் விசா இரண்டு வருடமாக இருந்தது. கலாநிதிப் பட்டம் முடித்தவர்கள் தவிர மற்றவர்கள் 2027 ஜனவரி முதல் விண்ணப்பித்தால் 18 மாதம்தான். பதினெட்டு மாதத்துக்குள் இரண்டு வருட அனுபவம் எப்படி வரும்? அப்படியொரு வேலையைத் தேடிப் பிடிக்கவே எத்தனையோ மாதம் போய்விடும். பெரிய சட்ட நிறுவனங்கள் ஆட்களை இரண்டு வருடத்துக்கு முன்பே தெரிவு செய்து, எஸ்கியூஇ செலவையும் தாங்களே கட்டுகிறார்கள். அந்த வரிசையில் நிற்பவர்கள் இங்கே முதலாம் வருடத்திலிருந்தே விடுமுறைப் பயிற்சி செய்து பழகிய பிள்ளைகள். ஏஜென்சிக்கு நீர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாலே கமிஷன் வந்துவிடும். பிறகு உமக்கு என்ன நடந்தாலும் அவர்களுக்குக் கவலையில்லை.

கோபத்தோடு எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நான் வந்தது 2004இல், சமாதான காலம். புளியங்குளத்தில் இயக்கத்தின் சோதனைச் சாவடியில் இறங்கி, ஓமந்தையில் ஆமியின் சாவடியில் மறுபடி இறங்கி, பையைக் கிளறிக் காட்டி வந்த பயணம். இங்கே என்னைச் சேர்த்துவிட்ட கல்லூரி ஒரு கோழிக்கடைக்கு மேலே இருந்த இரண்டு அறை. வரவுப் புத்தகம் மாடிப்படியில் ஒரு ஸ்டூலில் கிடக்கும், கையெழுத்தை வைத்துவிட்டு எல்லாரும் வேலைக்கு ஓடுவார்கள். பொரித்த எண்ணெய் மணம் என் குளிர்க் கோட்டை விட்டுப் போகவே இல்லை. ஒருநாள் கதவில் பூட்டுத் தொங்கியது, கட்டிய காசும் அதோடு போனது. உமக்குத் தெரியும், எங்கள் பக்கத்தில் முக்கால்வாசியும் பெர்மிட் காணி, நினைத்தபடி விற்கவோ ஈடு வைக்கவோ ஏலாது. அம்மாவின் தாலிக்கொடியும் அப்பாவின் லான்ட்மாஸ்டர் உழவு மிஷினும் போய்த்தான் நான் விமானம் ஏறினேன். அந்தக் காலபோகத்துக்கு அப்பா மற்றவர்களுடைய மிஷினுக்குக் காத்திருந்து பிந்தித்தான் விதைத்தார். இப்போதும் அதே கதைதான், விசாவுக்காக 28 நாள் வங்கிக் கணக்கில் காட்டுகிற காசை வட்டிக்கு வாங்குகிறார்கள்.

பிறகு பெற்றோல் நிலையத்தில் கிடைத்த நேரமெல்லாம் வேலை செய்து, ஒழுங்கான பல்கலைக்கழகத்தில் எல்எல்பி, அப்புறம் பழைய முறைப்படி எல்பிசி என்ற தொழில் படிப்பு, இரண்டு வருடப் பயிற்சி ஒப்பந்தம். இன்று கொம்பனி வாங்கி விற்கிற வேலைதான் செய்கிறேன். வாங்குகிறவர் கையெழுத்து வைக்க முன் ஒவ்வொரு குத்தகை, ஒவ்வொரு கடன் பத்திரம், ஒவ்வொரு ஊழியர் ஒப்பந்தமாக எடுத்து வாசிப்போம், எங்கேயோ நாற்பதாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கும், அதைக் கண்டுபிடிக்கிற ஆள்தான் இந்த வேலைக்குத் தேவை. ஆங்கிலம் எனக்கு வன்னிப் பள்ளிக்கூடத்தில் சரியாகக் கிடைக்கவில்லை. இங்கே வந்து ஒப்பந்தங்களைச் சத்தமாக வாசித்து வாசித்துத்தான் பிடித்தேன், இப்போது இங்கே பிறந்தவர்கள் எழுதுவதை நான் திருத்துகிறேன்.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்து நின்று லண்டனில் லோயர் என்று சொல்லும் ஆட்களை நம்பிவிட வேண்டாம். சிலர் அகதி வழக்குப் பார்க்கும் அலுவலகங்களில் உதவியாளர்கள். அது குறைந்த வேலை இல்லை, எங்கள் சனம் எத்தனை பேரைக் காப்பாற்றிய வேலை. ஆனால் அதை உள்ளபடி சொல்லாததால்தான் பிள்ளைகள் ஏமாந்து வருகிறார்கள்.

என் யோசனை இதுதான். முதலில் ஊரிலேயே சட்டத்தரணியாகும் வழியைப் பாரும். புதுக்கடையில் இருக்கிற சட்டக் கல்லூரிக்கு நுழைவுப் பரீட்சை எழுதும், மூன்று வருடம். திறந்த பல்கலைக்கழகத்து எல்எல்பியும் இருக்கிறது. உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்த சட்டத்தரணியாக வந்து எஸ்கியூஇ எழுதினால் அந்த இரண்டு வருட அனுபவத்தைக் கேட்க மாட்டார்கள். உம்முடைய நிலையில் இதைவிடப் பெரிய லாபம் வேறில்லை. இலங்கையின் வர்த்தகச் சட்டம் பெரும்பாலும் ஆங்கிலச் சட்டத்தின் வழியில் வந்தது, 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தைக் கரைத்துக் குடித்தீர் என்றால் இங்கே பலதும் அந்நியமாகத் தெரியாது. கொழும்பில் வர்த்தக மேல் நீதிமன்றம் இருக்கிறது, அங்கே வழக்குப் பார்க்கிற ஒரு சட்டத்தரணியிடம் கனிஷ்டராகப் போய் இருந்து பழகும்.

இந்தத் துறை உமக்குப் பிடிக்குமா என்று பார்க்க சலமன் வழக்கை எடுத்து வாசியும். வைற்சப்பலில் சப்பாத்துச் செய்த மனிதர், தன் வியாபாரத்தைத் தான் தொடங்கிய கொம்பனிக்கே விற்றார். 20,007 பங்கில் 20,001 அவருடையது, மிச்சம் ஆறும் மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும். கொம்பனி நொடித்ததும் கடன்காரருக்கு அவர் பொறுப்பா என்ற கேள்வி வந்தது. கொம்பனி வேறு, ஆள் வேறு என்று அப்போது இங்கே கடைசி நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. அது நியாயமா என்று யோசித்து உமக்கு நித்திரை வராவிட்டால் நீர் இந்த வேலைக்கு ஏற்ற ஆள்.

அதுவரை ஏஜென்சியிடம் ஒன்றே ஒன்று கேளும்: இந்த எல்எல்எம் முடித்தால் நான் சொலிசிற்றராகப் பதிவு செய்யலாமா, எழுத்தில் தாருங்கள் என்று. தரும்வரை முற்பணமும் கொடுக்க வேண்டாம், பாஸ்போட்டையும் கொடுக்க வேண்டாம்.