வீடு குளச்சலில், கடல் பக்கத்தில். 70களின் ஜப்பான் ஸ்டீரியோ பிரீஆம்ப் (பவர் ஆம்புக்கு முன்னால் வைத்து இன்புட்டையும் வால்யூமையும் மாற்றும் பெட்டி), ‘ரீஸ்டோர் செய்தது’ என்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

வாங்கலாம், மூடியைக் கழற்றிப் பார்த்த பிறகு. முகப்பை பாலீஷ் போட்டு நாலு கெப்பாசிட்டர் மாற்றினாலும் ரீஸ்டோர்தான், போர்டு முழுக்க வேலை பார்த்தாலும் ரீஸ்டோர்தான். எந்தெந்தப் பாகம் மாற்றினார்கள் என்ற பட்டியலையும் உள்பக்கப் படத்தையும் கேளுங்கள். பவர் சப்ளையின் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் பழசாகவே இருந்தால், இன்று இல்லாவிட்டாலும் பிறகு ‘உம்ம்’ என்று இரையும். அவுட்புட் பக்கத்துக் கெப்பாசிட்டர் கசிந்தால் டிசி மின்னழுத்தம் வெளியே வந்து, ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்பைத் தொந்தரவு செய்யும். சூடான பிறகு மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து இரண்டு அவுட்புட்டையும் அளந்து பாருங்கள். சில மில்லிவோல்ட் பரவாயில்லை, நூறைத் தொட்டால் வேண்டாம்.

அடுத்தது ட்ரான்சிஸ்டர். அந்தக் காலத்து ஹிட்டாச்சி 2எஸ்சி458 வயதானால் பொரிகிற மாதிரிச் சத்தம் போடுவதில் பேர்பெற்றது. வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தும் சத்தம் அப்படியே இருந்தால் கோளாறு வால்யூமுக்குப் பின்னால். கூடிக் குறைந்தால் முன்னால். மாற்றுவதற்கு கேஎஸ்சி1845 போதும்.

இதெல்லாம் காசு கொடுத்தால் தீரும். கடலோரத்தில் உண்மையான தலைவலி குமிழ்களும் சுவிட்சுகளும்தான். உப்பு ஈரத்தில் தொடுமுனைகள் கறுத்து, ஒரு பக்கச் சத்தம் போய்ப் போய் வரும். ஒவ்வொரு குமிழையும் பத்துத் தடவை திருப்பிக் கேளுங்கள். கரகரப்பு கான்டாக்ட் கிளீனரில் போனால் சரி (டபிள்யூடி-40 அடிக்காதீர்கள், பிசுக்கு தங்கித் தூசியைப் பிடிக்கும்). குமிழுக்குள் இருக்கும் கார்பன் தடமே தேய்ந்திருந்தால் கிளீனர் உதவாது, அதே அளவு கண்ட்ரோல் கிடைப்பதும் குதிரைக்கொம்பு. முகப்பு கீறியிருந்தாலும் குமிழ் நன்றாக இருப்பதையே நான் எடுப்பேன்.

ஜப்பான் உள்நாட்டு மாடல் என்றால் 100 வோல்ட். கடையில் சட்டென்று கிடைப்பது 230-110 ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர். லைனில் 240 வந்தால் அது 115 கொடுக்கும், பதினைந்து சதவீதம் கூடுதல். 100 வோல்ட் அவுட்புட்டே கேட்டு வாங்குங்கள், ஒரே கம்பிச்சுற்று உள்ள ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம், இன்புட்டுக்கும் அவுட்புட்டுக்கும் தனித்தனிச் சுற்று உள்ளதாக வாங்குங்கள். பிரீஆம்ப் மட்டும் என்றால் 100 விஏ (வோல்ட்-ஆம்பியர்) திறன் தாராளம். பின்பக்க ஏசி சாக்கெட்டில் நம் ஊர் 230 வோல்ட் சாதனம் எதையும் சொருகாதீர்கள்.

இன்னொன்று, பலர் பழுது என்று நினைப்பது. பழைய ஆக்ஸ் இன்புட்டுக்கு 150 மில்லிவோல்ட் போதும், சிடி பிளேயரோ 2 வோல்ட் தள்ளும். குமிழைக் கொஞ்சம் திருப்பினாலே காது அடைக்கும், அந்த இடத்தில் இடமும் வலமும் சமமாகவும் இருக்காது. சானலுக்கு ஒன்றாக 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் தொடராகவும், அதற்கப்புறம் கிரவுண்டுக்கு 1 கிலோ ஓம் ரெசிஸ்டரும் போட்டால் 2 வோல்ட் சுமார் 180 மில்லிவோல்ட்டாக இறங்கும்.

வாங்கிய பிறகு, ஜூன் மழையிலும் ஐப்பசி மழையிலும் வாரம் இரண்டு முறையாவது ஒரு மணி நேரம் ஓட விடுங்கள், உள்சூடு ஈரத்தை விரட்டும். இடி முழங்கினால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.